அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்

எந்திரிக்காதீங்க கண்ணு. நமக்கு வழி காட்டற நஞ்சன் வந்து சொல்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. பள்ளத்துக்கிட்ட மூணு யானை நிக்குதாம். தாயி ஒண்ணு, குட்டி ஒண்ணு, துணைக்கு இன்னொண்ணு. நாம வந்த தடத்து மேலயே நிக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அதுங்க தண்ணி குடிச்சு, குட்டி ஆட்டம் போட்டு முடிச்சு, அக்கட்டக் கரையேறிப் போற வரைக்கும் நாம இங்கதான். அரை மணியும் ஆகும், ரெண்டு மணியும் ஆகும். யானைக்கு என்ன, பஸ்ஸைப் புடிக்கோணுமா.

பக்கத்துல வந்து உக்காருங்க. சத்தமாப் பேசக் கூடாது, அதுக்குத்தான். அந்தப் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தாலும் இங்க டவர் எடுக்காது. நானும் முதல்ல மேல தூக்கிப் புடிச்சுட்டு மரம் மரமாச் சுத்தினவதான்.

வீட்ல யாரு இருக்காங்க? மாமியாரா. அப்புறம் என்ன. பொண்ணுக்குப் பன்னெண்டு மணிக்குச் சோறு ஊட்டோணும், சரி. மாமியார் ஊட்டட்டுமே. என்ன சொன்னீங்க, உங்க கையில தவிர யார் கையிலயும் சாப்பிட மாட்டாளா.

அட கண்ணு. இந்தாங்க, ஆரஞ்சு. உரிச்சே குடுக்கறேன், இருங்க. உங்களுக்கு நகம் எல்லாம் ஒட்ட வெட்டியிருக்கு, உரிக்க வராது.

அதே வார்த்தையை நான் ஏழு வருஷம் சொன்னேன்.

என் பேரு துளசிமணி. துடியலூர்ல லைன் வீடு. எங்க வீட்டுக்காரர் கிட்டுச்சாமி, மில்லுல மேஸ்திரியா இருந்தவரு. அவரு நடந்து வந்தா நூறு பேரு பேச்சை நிறுத்துவாங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில பல்லு விளக்கிட்டு இருந்த மனுசன் அப்படியே குழாயடியில சாஞ்சுட்டாரு. வலது கை போச்சு, வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. 'சரி'ங்கற ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். பசிக்குதான்னு கேட்டா சரி. வலிக்குதான்னு கேட்டா சரி. ரெண்டுல எதுன்னு கேட்டாலும் சரி. கல்யாணமாகி முப்பத்தி மூணு வருஷம் நான் சொன்னதுக்கு ஒரு நாள் சரின்னு சொல்லாதவரு. சாமி அந்த ஒண்ணை மட்டும் எதுக்கு விட்டு வெச்சுதோ.

அன்னைக்கிருந்து நான்தான் எல்லாம். காலையில அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சா பொழுதோட எட்டு மணி வரைக்கும். பல்லு விளக்கறது, துடைக்கறது, புரட்டிப் படுக்க வெக்கறது, கால் புடிச்சு விடறது. சோத்தைக் குழைய வேக வெச்சு, மிக்சியில ரெண்டு சுத்து விட்டு, பருப்புத் தண்ணி ஊத்தி, கரண்டியில இல்லைங்க, என் கையில எடுத்து ஊட்டுவேன். மூணு மாசத்துக்கு அப்படிக் குடுங்கன்னு டாக்டர் சொன்னாரு. நான் ஏழு வருஷம் குடுத்தேன். டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. தொண்டையில சிக்குச்சுன்னா யாரு பதில் சொல்றது.

டிவியை எடுத்து மகள் வீட்டுக்கு அனுப்பிச்சுட்டேன். தலைக்கு ஆகாதுன்னு. சொந்தக்காரங்க, ஒறம்பரை யாரையும் வர வேண்டாம்னுட்டேன். வர்றவங்க சும்மா வர்றாங்களா. 'எப்படி இருந்த மனுசன், பாவம்'னு அவரு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு, காபியைக் குடிச்சுட்டுப் போயிருவாங்க. அவரு அதைக் கேட்டுட்டு உக்காந்திருக்கோணுமா.

மகள் ஓசூர்ல இருக்கறா. முதல் வருஷம் பத்து நாள் இருந்து பார்த்துக்கறேன்னு வந்தா. நாலாம் நாள் பையைக் கட்டிட்டா. 'நான் ஊட்டறப்ப நீ பக்கத்துல நின்னு அப்பா வாயையே பார்த்துட்டு இருக்கறே, எனக்குக் கை நடுங்குதும்மா'ன்னா. பார்க்காம என்ன பண்ணுவாங்க. சின்னப் புள்ளைக, பெரிய உருண்டையா உருட்டுவாங்க.

நான் குறை சொல்ற ஆள் இல்லை கண்ணு. ஆனா நடந்ததைச் சொல்லோணும்ல. ஏழு வருஷத்துல ஒரு கல்யாணத்துக்குப் போகலை. என் கூடப் பொறந்த தம்பி செத்ததுக்கு, விடியக் காலையில போயி மாலையைப் போட்டுட்டு ஒம்பது மணிக்கு வீடு வந்துட்டேன். கஞ்சி நேரம். தம்பியை எடுத்தது பதினோரு மணிக்கு. எடுக்கறப்ப நான் இல்லை. கேட்டு வரைக்கும் நடந்தாலே போதும், பின்னாடி யாரோ முந்தானையைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தா யாரும் இருக்க மாட்டாங்க. கட்டில்ல இருந்து எந்திரிக்கவே முடியாதவரு, அவரு எங்க வந்து இழுக்கறாரு. ஆனாலும் இழுக்கும். சில நாள் அந்தக் கேட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு நின்னு, தெருவுல போற வர்ற மாட்டை, வண்டியை, சண்டை போடற பொம்பளைகளைப் பார்த்துட்டு இருப்பேன். ஜெயில்ல இருக்கறவங்க இப்படித்தான் நிப்பாங்கன்னு நெனச்சுக்குவேன். அவரு உள்ள இருந்து என்னைப் பார்த்துட்டு இருப்பாரு.

சாப்பிடுங்க, கையிலயே வெச்சுட்டு இருக்கறீங்க. விதை எடுத்துட்டேன், தைரியமாச் சாப்பிடுங்க.

ரேஷன் கடையில வரிசையில நிக்கறப்ப ஒரு நாள் தலை சுத்தி விழுந்துட்டேன். பிரசர் எகிறிப் போச்சு. பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க இருந்தவங்கதான் நம்ம ஸ்டெல்லா சிஸ்டர். முப்பது வருஷம் நர்சு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. என் கதையைக் கேட்டுட்டு, 'அம்மா, உங்களை மாதிரி வீட்ல ஆளை வெச்சுப் பார்த்துக்கறவங்க ஒரு பத்துப் பேரு இருக்காங்க. மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை காட்டுக்குப் போறோம், வாங்க'ன்னாங்க.

எங்களுக்கெல்லாம் காடுன்னா சோளக் காடு, பருத்திக் காடு. நான் என்னத்தை அறுக்கறதுக்குன்னு கேட்டேன்.

"அறுக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்கம்மா. ஆனைகட்டிப் பக்கம் ஒரு டாக்டரம்மா தோட்டம், முப்பது வருஷமா வெட்டாம விட்டு நிசமான காடாவே ஆகிப் போச்சு. அங்க போயி மரத்தடியில உக்காருவோம்."

"உக்காந்து?"

"உக்காந்துதான்."

"பஜனை பாடுவீங்களா?"

"இல்லைங்க. காத்து, வாசம், இலைச் சத்தம் எல்லாம் உடம்பு மேல படட்டும்னு சும்மா இருப்போம். ஜப்பான்காரங்க இதைக் காட்டுக் குளியல்னு சொல்றாங்க. மனசுக்கு நல்லது."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எட்டு வயசுல இருந்து வெயில்லயும் காத்துலயும் களை வெட்டினவ நான். அப்பெல்லாம் படாத காத்தா. ஆனா சிஸ்டர் ஒண்ணு சொன்னாங்க. 'நீங்க முதல்ல போயிட்டா அவருக்கு யாரு ஊட்டுவா?' அது வந்து நெஞ்சுல குத்திக்கிச்சு. சரி, அவருக்காகப் போயிட்டு வருவோம்னு கிளம்பினேன். எனக்காக இல்லை.

பக்கத்து வீட்ல தேவராசண்ணன்னு ஒருத்தரு. கவர்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு, சம்சாரம் போயிச் சேர்ந்துருச்சு. 'நீ போயிட்டு வாம்மா, சீட்டுல உக்காந்திருக்கற ஆளைப் பார்த்துக்கறதுதானே என் தொழில்'னு வந்தாரு. நான் ஆயிரம் தடவை சொன்னேன். காலையில ஆறரைக்கு ஊட்டிட்டுப் போறேன், ஒண்ணரைக்கு வந்து ஊட்டிருவேன், நடுவுல தண்ணி மட்டும் குடுங்க, அதுவும் ஸ்பூன்ல. வேற ஒண்ணும் குடுக்கக் கூடாது. எப்படியும் என் கையில தவிர அவரு சாப்பிட மாட்டாரு. அண்ணன் எல்லாத்துக்கும் தலையை ஆட்டினாரு. கண்டக்டருங்க தலையாட்டறதை நம்பக் கூடாது. எல்லா ஊருக்கும் இந்த பஸ் போகும்னு ஆட்டுவாங்க.

முதல் தடவை வந்தப்ப நீங்க இப்ப இருக்கற மாதிரிதான் இருந்தேன். ஆளுக்கு ஒரு மரம்னு சொல்லி விட்டுட்டாங்க. இருபது நிமிஷம். எனக்கு இருபது நிமிஷம் உக்காந்து பழக்கம் இல்லை. ஒரு கை சும்மா இருந்தா இன்னொரு கை அதைப் புடிச்சுக்குது. இப்பத் தண்ணி கேப்பாரே, இப்பப் புரட்டிப் போடோணுமேன்னு மனசு துடியலூர்ல நிக்குது. மரத்தை யாரு பார்த்தா.

ரெண்டாவது தடவை தாங்க முடியலை. கீழ பார்த்தா சருகு, குச்சி, எச்சம், எறும்பு. இதுல எப்படி மனுசன் உக்காருவான். செடியில நாலு வெளாரை ஒடிச்சு, கொடியைச் சுத்திக் கட்டி, கூட்ட ஆரம்பிச்சுட்டேன். இருபது நிமிஷத்துல இந்த மரத்தைச் சுத்தி இத்தனை தூரமும் கூட்டி, சருகைக் குவிச்சு ஒரு ஓரமாத் தள்ளிட்டேன். அன்னைக்கு எனக்கு நேரம் போனதே தெரியலை. மனசு லேசா இருந்துச்சு.

சிஸ்டர் வந்து பார்த்து தலையில கையை வெச்சுட்டாங்க. 'அம்மா, இது காடு. உங்க வீட்டு வாசல் இல்லை. இந்தச் சருகுக்குள்ள எத்தனை உசுரு இருக்கு தெரியுமா?' நஞ்சன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கறாரு. இந்த மலையிலயே பொறந்து வளர்ந்த ஆளு. 'விடுங்க சிஸ்டர், நாளைக்கு யானை வந்து பார்த்துட்டு, வீடு மாறி வந்துட்டோம்னு அதுவே திரும்பிப் போயிரும்'னாரு.

திட்டு வாங்கினதென்னவோ நான்தான். ஆனா அடுத்த தடவை என்ன ஆச்சுன்னு கேளுங்க. ஆளுக்கு ஒரு மரம்னு போனவங்க ஒவ்வொருத்தரா இங்கதான் வந்து உக்காந்தாங்க. உண்ணி ஏறாது, சேலை அழுக்காகாது. முதல்ல ராமலிங்கம் சார் வந்தாரு. அதோ, வெள்ளைத் தொப்பி. அவரு சம்சாரத்துக்கு மறதி நோயி. அப்புறம் அந்தப் பச்சைச் சேலை கட்டின புள்ளை. அப்புறம் எல்லாரும். ஒட்டி ஒட்டி உக்காந்தா சும்மா இருக்க முடியுமா. மெதுவா ஒருத்தர் பெருமூச்சு விடுவாங்க, இன்னொருத்தர் என்னன்னு கேப்பாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புதுசா இருக்காது. வெளிய போயிச் சொன்னா 'ஐயோ பாவம்'னு சொல்லுவாங்க. இங்க யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க. 'ஆமா, எங்க வீட்லயும்தான்'னு சொல்லுவாங்க. இதுக்குத் துளசிமணி வாசல்னு பேரு வெச்சுட்டாங்க, சிஸ்டரே அந்தப் பேரைச் சொல்லித்தான் இப்ப ஆளைக் கூப்பிடறாங்க. இந்த ஒரு இடம் மட்டும்னு எனக்கு உத்தரவு. வேற எங்கயும் விளக்குமாறைத் தொடக் கூடாது.

நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அஞ்சாவது தடவை வந்தப்ப, காலையிலேயே மேற்கே கருக்கல் கட்டி மழை ஊத்துச்சு. மழை விடும்னு வேன்லயே காத்திருந்து பார்த்துட்டு, மரத்தடியில உக்காராமயே திருப்பிட்டாங்க. பதினொண்ணரைக்கெல்லாம் நான் எங்க தெருவுல இறங்கிட்டேன்.

கேட்டைத் தொடறதுக்கு முன்னாடியே சத்தம் கேக்குது. தேவராசண்ணன் ஏதோ பஸ் கதை சொல்லிட்டு இருக்காரு. கோழியைக் கூடையில வெச்சுட்டு ஏறின ஒரு அம்மாவுக்கும் இவருக்கும் சண்டை. அதைக் கேட்டு ஒருத்தர் சிரிக்கறாங்க. யாரோ வந்திருக்காங்க போல இருக்குன்னு நெனச்சேன். ஜன்னல் வழியாப் பார்த்தா எங்க வீட்டுக்காரர். பாதி வாயில வர்ற சிரிப்பு. ஏழு வருஷமா அந்தச் சிரிப்பை நான் கேக்கலைங்க. அவருக்குச் சிரிப்பும் போயிருச்சுன்னே நெனச்சுட்டு இருந்தேன்.

மடியில பேப்பர் விரிச்சிருக்கு. பேப்பர்ல உளுந்து வடை. சாதாரண வடை இல்லை, கடை வடை, மொறுமொறுன்னு மிளகு தெரியுது. அதை அவரு பிச்சு, சட்னியில தொட்டு, அவரே தின்னுட்டு இருக்காரு. இடது கையில.

நான் உள்ள போனேன். அவரு என்னைப் பார்த்தாரு. வடையைப் பேப்பர்ல வெச்சாரு. கையை வேட்டியில துடைச்சாரு. துடைச்சு மடியில வெச்சுட்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்துட்டாரு.

அவ்வளவுதான் கண்ணு. குஞ்சு திறக்குமே, அப்படி.

நான் அடுப்படிக்குப் போயி, கை கழுவி, சோத்தைக் குழைச்சுட்டு வந்து ஊட்டினேன். அவரும் வாங்கிக்கிட்டாரு. தேவராசண்ணன்தான் சும்மா இருக்காம, "முதல் நாள்ல இருந்தே தின்னுட்டுத்தானேம்மா இருக்காரு? நான் எனக்கு வாங்கிட்டு வந்தேன், அவரே கையை நீட்டி எடுத்துட்டாரு. உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்"ன்னாரு.

"அண்ணா, இனிமே நீங்க வர வேண்டாம்"னு சொன்னேன். சத்தம் போடலை. மெதுவாத்தான் சொன்னேன். நானும் இனிமே எங்கயும் போகலைன்னு சிஸ்டருக்கும் போன் பண்ணிட்டேன்.

ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசம் வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் இருந்த இருப்பு எந்த எதிரிக்கும் வேண்டாம். அவரு ஒரு குறையும் வெக்கலை. நேரத்துக்கு வாயைத் திறந்தாரு, நேரத்துக்கு முழுங்கினாரு. சரி, சரின்னாரு. எனக்கு அந்தக் கை மேலயே கண்ணு. மடியில படுத்திருக்கும், யாரோ மறந்து வெச்சுட்டுப் போன சாமான் மாதிரி. ஒரு நாள் நானே வடை சுட்டு, தட்டுல ரெண்டு வெச்சு அவரு பக்கத்துல வெச்சேன். அடுப்படிக்குப் போற மாதிரி போயி, கதவு இடுக்குல நின்னு பார்த்தேன். அரை மணி நேரம் நின்னேன். தொடலை. வடை ஆறிப் போச்சு. அவரு தலையைத் திருப்பி அந்தக் கதவு இடுக்கையே பார்த்துட்டு இருந்தாரு.

என்ன கேக்கறீங்க? கோபமான்னா? யாரு மேலன்னு கோபப்படறது. தேவராசண்ணன் மேலதான். அந்த மனுசன் வடை வாங்கிட்டு வரலைன்னா இதெல்லாம் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில வேன் எங்க தெருவுக்குள்ளயே வந்து நிக்குது. ஒம்பது பேரும் இறங்கி எங்க கேட்டுக்கு வெளிய நிக்கறாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு. வீட்ல காபிப் பொடி கூட இல்லை. ராமலிங்கம் சார் தொப்பியைக் கழட்டிட்டு, 'ஏங்கம்மா, உங்க வாசல்ல ரெண்டு மாசத்துக் குப்பை கிடக்குது. எங்களால உக்கார முடியலை. வந்து கூட்டிக் குடுத்துட்டுப் போங்க'ன்னாரு. பச்சைச் சேலை அதுக்குள்ள உள்ள வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட, 'இவங்களைக் கூட்டிட்டுப் போறோம் மாமா'ன்னு சொல்லுது. அவரு சரின்னாரு. அவரு எதுக்குத்தான் சரின்னு சொல்லலை. தேவராசண்ணன் கூப்பிடாமலே வந்து எப்பவும் உக்கார்ற சேர்ல உக்காந்துட்டாரு. அவருக்கு ரோசம் கிடையாது.

அன்னைக்கு இங்க வந்து கூட்டி முடிச்சுட்டு எல்லாரோடயும் உக்காந்தேன். கூட்டறதுக்கு இனி ஒண்ணும் இல்லை. கையை மடியில வெச்சுட்டு இருந்தேன். மேல ஏதோ பறவை ஒரே சத்தத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருக்கு. என் கையை நான் பார்க்கறேன். என் இடது கை கண்ணுக்குத் தெரியுது. அப்பத்தான் நெனப்பு வந்துச்சு.

ஆஸ்பத்திரியில, அவரு விழுந்த ஒரு வாரத்துல. வார்டுல எல்லாருக்கும் தட்டு வந்துச்சு. அவரு பசியில இடது கையை நீட்டி இட்டிலியை எடுத்தாரு. அது ஒரட்டாங்கைங்க, எதுக்குப் பயன்படற கைன்னு தெரியுமில்ல. எதிர் கட்டில்ல ஒறம்பரை மாதிரி நாலு பேரு உக்காந்து பார்க்கறாங்க. மில்லுல நூறு பேருக்கு முன்னாடி நின்ன மனுசன், இந்தக் கையில தின்னா அவங்க என்ன நெனப்பாங்க. தட்டி விட்டேன். 'நான் இருக்கறப்ப அந்தக் கையில தின்பாங்களா'ன்னேன். அடி இல்லைங்க. தட்டினேன். ஈ ஓட்டற மாதிரி. இட்டிலி கீழ விழுந்துருச்சு. அப்புறம் அந்தக் கையை அவரு நீட்டவே இல்லை. நான் அதோட அதை மறந்துட்டேன்.

அவரு மறக்கலை போல இருக்கு.

இதை இங்க உக்காந்துதான் சொன்னேன். யாரு கேட்டாங்கன்னு தெரியலை, வாயில இருந்து தானா வந்துருச்சு. சொல்லி முடிச்சுட்டு, யாராவது திட்டுவாங்கன்னு பார்த்துட்டு இருந்தேன். யாரும் திட்டலை. ராமலிங்கம் சார்தான் தொப்பியைக் கழட்டி, அதையே பார்த்துட்டுச் சொன்னாரு. 'எங்க வீட்ல சுவத்துல ஒரு போட்டோ கிடையாதுங்க. எல்லாத்தையும் கழட்டிப் பரண்ல போட்டுட்டேன். எங்க கல்யாணப் போட்டோவைக் காட்டி இது யாருன்னு தினமும் கேட்டா. நானும் தினமும் சொன்னேன். ஒரு நாள் முடியலை. கழட்டிட்டேன். இப்ப அவ வெறும் ஆணியைப் பார்த்துட்டு உக்காந்திருக்கா.' அப்புறம் பச்சைச் சேலை ஒண்ணு சொல்லுச்சு. அதை நான் சொல்லக் கூடாது. அவங்களே சொல்லுவாங்க, நாலு தடவை வந்தீங்கன்னா.

அன்னைக்கு வேன்ல திரும்பிப் போறப்ப எல்லாரும் தூங்கிட்டாங்க. நானும்தான். ஏழு வருஷத்துல பகல்ல தூங்கினது அன்னைக்குத்தான்.

வீட்டுக்குப் போயி அவரு முன்னாடி தட்டை வெச்சேன். 'ஏனுங்க, எந்தக் கையா இருந்தா என்ன. நீங்களே சாப்பிடுங்க. அன்னைக்கு நான் தெரியாமப் பண்ணிட்டேன்'னு சொன்னேன்.

சரின்னாரு. சொல்லிட்டு வாயைத் திறந்தாரு.

கையை எடுத்துச் சோத்துல வெச்சு விட்டேன். வெச்ச இடத்துலயே இருந்துச்சு. அடுப்படிக்குப் போனேன். காத்துட்டு இருக்காரு. கொல்லைப் பக்கம் போனேன். அங்க இருந்து எட்டிப் பார்த்தா அதே மாதிரி. கெஞ்சிப் பார்த்தேன், கோவிச்சும் பார்த்தேன். நாலு நாள் இப்படி. அஞ்சாம் நாள் எனக்கே சலிச்சுப் போயி, தட்டை வெச்சுட்டு, செருப்பைப் போட்டுட்டு, கேட்டைத் திறந்து தெருவுக்குப் போயிட்டேன். முந்தானையை யாரும் இழுக்கலை. தெருவை மூணு சுத்துச் சுத்திட்டு முக்கால் மணி கழிச்சு வந்து பார்த்தா தட்டு காலி. அவரு சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காரு. கை மடியில. வேட்டி எல்லாம் பருப்பு. கீழ சிந்தினதுக்கு மேல பேப்பரை இழுத்துப் போட்டு மூடி வெச்சிருக்காரு.

பேப்பரை அப்படியே விட்டுட்டேன். தட்டை எடுத்துட்டுப் போயிக் கழுவினேன். அவரும் ஒண்ணும் காட்டிக்கலை.

அதுல இருந்து அதுதான் வழக்கம். மூணு வேளையும் தட்டை வெச்சுட்டு நான் கேட்டைச் சத்தமாச் சாத்திட்டு வெளிய போயிருவேன். அந்தக் கேட்டுச் சத்தம் கேட்டாத்தான் அவரு கை எந்திரிக்கும். தெருவுல இருக்கறவங்க, துளசிமணிக்குச் சர்க்கரை வந்துருச்சு, நடக்கறான்னு பேசிக்கறாங்க. பேசட்டும். மழையில கூடக் குடையைப் புடிச்சுட்டு நடக்கறேன். ஊர்ல இருக்கற எங்க அத்தைக்குத் தெரிஞ்சா, புருசன் சாப்பிடறப்ப தெரு சுத்தறாளேன்னு சுவத்துல முட்டிக்கும்.

மிக்சியா? போடறதுதான். முன்ன ரெண்டு சுத்து, இப்ப ஒரு சுத்து. ஒரேயடியா விட்டற முடியுமா கண்ணு.

நான் பார்க்கறப்ப அவரு தன் கையில சாப்பிட்டதே இல்லை, அன்னைக்கு அந்த வடையைத் தவிர. அதையும் நான் ஜன்னல்ல நின்னு திருட்டுத்தனமாப் பார்த்ததுதான். பார்க்கோணும்னு ஆசையாத்தான் இருக்கு. சோத்தை எப்படி உருட்டறாரு, பருப்பை எப்படிப் பிசையறாருன்னு. தேவராசண்ணனைக் கேட்டா, 'டிக்கெட் வாங்கிட்டு வந்து பாரு'ங்கறாரு. அவருக்கு எல்லாம் விளையாட்டு.

உங்க பொண்ணு கதை வேறயா இருக்கலாம். நான் அதைச் சொல்ல வரலை. நீங்க பாட்டுக்குப் போனைப் பார்த்துட்டு இருந்தீங்க, எனக்கு வாயி சும்மா இருக்கலை. இந்தாங்க, இன்னும் ரெண்டு சுளை இருக்கு. கையை இப்படிக் காட்டுங்க, பிசுபிசுன்னு இருக்கும், துடைச்சு விடறேன். சரி சரி, நீங்களே துடைச்சுக்கோங்க.

அதோ, நஞ்சன் கையைக் காட்டறாரு. போயிருச்சு போல இருக்கு. குட்டிதான் வர மாட்டேன்னு அடம் புடிச்சுதாம், கேளுங்க. எந்திரிங்க, மெதுவா, கால் மரத்திருக்கும். சிஸ்டர் கூப்பிடறாங்க பாருங்க. அவங்க கார் இப்பவே கிளம்புதாம், ரெண்டு பேருக்கு இடம் இருக்குதாம், அவசரமாப் போறவங்க ஏறிக்கலாமாம். நீங்க போங்க கண்ணு. துடியலூர் தாண்டித்தானே உங்க வீடு.

நானா? வேண்டாங்க. மணி பன்னெண்டே கால். தேவராசண்ணன் இப்பத்தான் தட்டு வெச்சிருப்பாரு. கார்ல போனா நான் பாதிச் சோத்துல போயி நிப்பேன். என்னைப் பார்த்தா கையை மடியில வெச்சுக்குவாரு. நான் இங்க இன்னும் கொஞ்சம் உக்காந்துட்டு, ஒண்ணரைக்கு வீடு சேர்ற வேன்லயே வர்றேன்.